அண்ணாவின் செஸ்னாவுக்கு அப்பாவின் நினைவாக ஒரு பதிவிலக்கம்: எப்படி எடுப்பது?

வெள்ளவத்தைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் அண்ணா அமெரிக்காவில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கே குடியுரிமை எடுத்து, தனியார் விமானி உரிமமும் எடுத்து, கனகாலம் காசு சேர்த்து, போன மாதம் ஒரு பழைய செஸ்னா 172 வாங்கிவிட்டார். 1975இல் செய்தது, ஒற்றை எஞ்சின், நாலு பேர் இருக்கலாம். வாங்கிய அன்றிரவே அழைத்தார். "விமானம் வடிவாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் எழுதியிருக்கிற எண் யாரோ ஒருவருடையது. அப்பாவை நினைக்கிற மாதிரி ஒரு எண் எடுக்கவேண்டும், நீயும் அம்மாவும் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

அப்பா இலங்கையின் பழைய விமான நிறுவனமான எயார் சிலோனில், கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர். அவருடைய கை அதிகம் பட்டது அவ்ரோ 748 என்ற பயணிகள் விமானத்தில்தான். அவர் போய் மூன்று வருடமாகிறது. அவருடைய ஸ்பானர் பெட்டி இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெட்டியின் தட்டில் ஒவ்வொரு ஸ்பானரைச் சுற்றியும் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் பெட்டியைப் பார்த்தால், எந்தக் கோட்டுக்குள் ஸ்பானர் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். "விமானத்துக்குள் மறந்து விட்டுவந்த ஒரு ஸ்பானர் போதும்" என்று மட்டும் சொல்வார். மிச்சத்தைச் சொல்லமாட்டார்.

எங்கள் யோசனை, 748உம் அப்பாவின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும். இப்படி நாங்களே கேட்டு எடுக்கலாமா? எவ்வளவு செலவாகும்? எண் மாறினால் வேறு என்னவெல்லாம் மாற்றவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடுபாதை22

அண்ணா, வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நான் இரத்மலானையில் பறக்கப் பழகுகிறேன். அப்பா வேலை செய்தது இங்கேதானே, அப்படியென்றால் நம் நாட்டுப் பதிவையே எடுத்தால் என்ன? இலங்கைக் குறியான 4ஆர் என்று போட்டு, பிறகு அப்பாவின் பெயரிலிருந்து மூன்று எழுத்து. அமெரிக்க எண்ணில் இரண்டு எழுத்துக்கு மேல் போடமுடியாது என்று கேள்விப்பட்டேன். நமக்கு மூன்று இருக்கிறதே.

வானம்_பார்த்தவள்

தம்பி, ஆசை நல்லதுதான், ஆனால் சரிவராது. 1944இன் சிக்காகோ உடன்படிக்கையின் 18ஆவது பிரிவின்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாக முடியாது. டெக்சஸில் நின்று டெக்சஸில் பறக்கிற விமானத்தை அங்கே பதிவு நீக்கி, இங்கே பதிந்து, இங்கத்தைய விதிப்படி பராமரித்து வைத்திருப்பது பெரிய சுமை. அண்ணாவுக்கு அங்கத்தைய பதிவுதான் சரி.

ஆனால் 4ஆரைப் பற்றிக் கதைக்க வந்ததால் இதையும் சொல்கிறேன். எனக்குப் பிடித்த விஷயம். தெஹிவளையில் மொட்டைமாடியில் நின்று விமானம் பார்த்தே வளர்ந்தவள் நான்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கை விமானங்களுக்கு வி.பி.-சி. என்று தொடங்கும். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் சி.வை. அதன் பிறகுதான் 4ஆர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்த வானொலி அழைப்புக்குறிகளில் 4பி (4P) முதல் 4எஸ் (4S) வரை எங்களுக்கு. அதில் ஒன்றுதான் விமானங்களுக்கு 4ஆர். இங்கே அமெச்சூர் வானொலி வைத்திருப்பவர்கள் 4எஸ்7 என்று தொடங்குவதும் அதே பங்கிலிருந்துதான். இந்தியாவின் வி.டி.யும் அப்படி வந்ததே. அதை 'வைசிராயின் பிரதேசம்' என்று விரித்துச் சொல்வார்கள், அது பிறகு கட்டிய கதை. எங்களுடைய பழைய வி.பி.-சி. இப்போது கேமன் தீவுகளிடம் இருக்கிறது. உலகத்துப் பணக்காரர்களின் எத்தனையோ ஜெட்டுகளின் வாலில் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1947 மார்கழி 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த எயார் சிலோன் டகோட்டா ஞாபகம் வரும்.

விரும்பிய எழுத்தைக் கேட்டு வாங்குவது எங்கள் நாட்டுக்கும் புதிதில்லை. எயார் லங்காவின் ட்ரைஸ்டார் ஜெட்டுகளில் 4ஆர்-க்குப் பிறகு யூ.எல். என்று வரும். அது அந்த நிறுவனத்தின் பறப்புக் குறி. எயார் சிலோனின் விமானங்களில் ஏ.சி. வந்தது. இங்கிலாந்தில் கொன்கோர்ட் ஒன்றுக்கு ஜி-பி.ஓ.ஏ.சி. என்று, பி.ஓ.ஏ.சி. என்ற பழைய விமான நிறுவனத்தின் பெயரையே கொடுத்தார்கள்.

தூரத்து_விமானி

தம்பி, நான் இங்கே அமெரிக்காவில் இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்தவன். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணின் வடிவம். அமெரிக்க விமானங்களுக்கு முன்னால் வருகிற என் (N) என்ற எழுத்துக்குப் பிறகு அதிகபட்சம் ஐந்து இடம். ஐந்தும் இலக்கமாக இருக்கலாம், அல்லது நாலு இலக்கமும் ஓர் எழுத்தும், அல்லது மூன்று இலக்கமும் இரண்டு எழுத்தும். எழுத்துகள் கடைசியில்தான் வரவேண்டும். முதல் இடத்தில் பூச்சியம் வராது. ஐ (I), ஓ (O) இரண்டு எழுத்துகளும் எங்குமே வராது, ஒன்று, பூச்சியம் என்று தவறாக வாசித்துவிடுவார்கள் என்பதால். என்1 முதல் என்99 வரை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனக்கே வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் 748உம் இரண்டு எழுத்தும் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அப்புறம் தேடல். நிர்வாகத்தின் இணையத்தளத்தில் எண்ணை அடித்தால் அது யாரிடமாவது இருக்கிறதா, ஒதுக்கி வைத்திருக்கிறார்களா, காலியா என்று உடனே காட்டும். காலியென்றால் அங்கேயே ஒதுக்கிக்கொள்ளலாம். நான் செய்தபோது 10 டாலர்தான். ஒரு வருடத்துக்கு அது உங்களுடையது. விமானத்தில் போடாவிட்டால் வருடாவருடம் மறுபடி 10 டாலர் கட்டி வைத்திருக்கலாம். காலியாக இருப்பதைக் கண்டால் அன்றே கட்டிவிடுங்கள். நான் மூன்று நாள் யோசித்தேன். அதற்குள் போய்விட்டது.

மூன்றாவதாக, ஒதுக்கினால் மட்டும் அது விமானத்தின் எண் ஆகிவிடாது. இந்த விமானத்துக்கு இந்த எண்ணைத் தாருங்கள் என்று தனியாகக் கேட்கவேண்டும். அவர்கள் 8050-64 என்ற படிவத்தை அனுப்புவார்கள். அது கைக்கு வரும்வரை பழைய எண்ணை ஒரு எழுத்துக்கூட அழிக்கவேண்டாம். வந்த பிறகு புதிய எண்ணை ஒட்டி, ஒட்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். புதிய பதிவுச் சான்றிதழ் வரும்வரை படிவத்தின் பிரதியும் பழைய சான்றிதழும் விமானத்துக்குள் இருக்கவேண்டும். பறப்புத் தகுதிச் சான்றிதழிலும் பழைய எண்தான் இருக்கும், அதையும் மாற்றவேண்டும். காப்புறுதிக்காரருக்கு அறிவிக்கவேண்டும்.

வெள்ளவத்தைக்காரன்

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. அப்படியே என் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் உடனே உட்கார்ந்து தேடினார். 748உம் அப்பாவின் எழுத்துகளும் வேறொரு விமானத்தில் இருக்கிறது. எங்கேயோ ஒருவருடைய விமானம், நல்லாகப் பறந்துகொண்டிருக்கிறது போல.

அண்ணாவின் குரல் விழுந்துவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் கேட்டு வாங்க வழியிருக்கிறதா?

தூரத்து_விமானி

வழி இருக்கிறது. இப்போதைய உரிமையாளர் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுத்தில் சம்மதம் தரவேண்டும், அவருடைய விமானத்துக்கு வேறு எண் எடுக்கவேண்டும். அவருக்கும் அது யாரோ ஒருவரின் பெயராக இருக்கலாம். நானென்றால் கேட்கமாட்டேன். காலாவதியாகி நீக்கப்பட்ட எண்ணாக இருந்தாலும் ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். எண்ணைக் கண்ணால் தெரிவு செய்யாதீர்கள், காதால் தெரிவு செய்யுங்கள். விமானத்தில் எழுதியிருப்பதைத் தரையில் நிற்பவன்தான் பார்ப்பான். உங்கள் அண்ணா அதை வாயால் சொல்லப்போகிறார், ஒரு பறப்பில் இருபது தடவை, முப்பது தடவை. கட்டுப்பாட்டுக் கோபுரம் முதல் தொடர்புக்குப் பிறகு எண்ணைச் சுருக்கிவிடும். கடைசி மூன்று இடம்தான் மிஞ்சும். "செஸ்னா, எட்டு, அந்த எழுத்து, இந்த எழுத்து" என்று கூப்பிடுவார்கள். ஆகவே அந்தக் கடைசி மூன்றில்தான் உங்கள் அப்பா இருக்கவேண்டும். முன்னால் வருகிற இரண்டு இலக்கம் எதுவானாலும் பரவாயில்லை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒரு இருபது தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்குத் தடுக்கினால் அந்த எண் வேண்டாம். அதே விமான நிலையத்தில் நிற்கிற வேறு விமானத்தின் கடைசி மூன்றோடு கிட்டத்தட்ட ஒத்தாலும் வேண்டாம். ஒருவருக்குச் சொன்ன அனுமதியை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அது ஆபத்து.

மருதானைப்_பக்கம்

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஏன் மாற்றவேண்டும்? அந்த விமானம் 1975இலிருந்து ஒரே எண்ணோடு இருந்திருந்தால், ஐம்பது வருடக் கதை அந்த எண்ணில்தான் இருக்கிறது. எத்தனை பேர் அதில் பறக்கப் பழகியிருப்பார்கள். எங்கள் மாமா தன் பழைய ஒஸ்டின் காரை விற்றபோது கடைசிவரை இலக்கத்தகட்டைத்தான் தடவிக்கொண்டு நின்றார். வாங்கியவர் எண்ணை மாற்றுவார் என்றால் அவர் விற்றிருக்கவே மாட்டார்.

பழைய_ஹாங்கர்

பிள்ளைகளுக்கு வணக்கம். நான் எழுபது தாண்டியவன். பேரன்தான் இந்த இழையைக் காட்டினான், அவன்தான் தட்டச்சும் செய்கிறான்.

மேலே எழுதிய பிள்ளைக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் விமானத்துக்கு உயிர்க்குறிப்பு பதிவிலக்கம் இல்லை. தொழிற்சாலையில் அடித்த தொடரிலக்கம் ஒன்று, உலோகத் தகட்டில் பொறித்து, விமானத்தோடேயே இருக்கும். அதை யாரும் மாற்ற முடியாது. ஒரு விமானம் மூன்று நாட்டுக்கு விலைப்பட்டு மூன்று பதிவிலக்கம் மாறினாலும் பராமரிப்புப் புத்தகங்கள் அந்தத் தொடரிலக்கத்தோடுதான் போகும். புதிய எண் போட்ட திகதியைப் புத்தகத்தில் வடிவாக எழுதி வைத்தால் கதை அறுபடாது. பழைய எண்ணையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். அது மரியாதை.

இனி வெள்ளவத்தைத் தம்பிக்கு. எயார் சிலோனின் அந்த அவ்ரோவை எனக்கு நன்றாகத் தெரியும். 4ஆர்-ஏ.சி.ஜே. இரண்டு ரோல்ஸ் ரோய்ஸ் டார்ட் எஞ்சின். அந்தக் கீச்சென்ற சத்தம் காலி வீதிவரைக்கும் கேட்கும். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து வந்து இறங்கினால், கதவு திறக்கிறபோது பனங்கட்டி வாசம் வரும், சனம் கொண்டுவருகிற பெட்டிகளிலிருந்து. ஹாங்கரில் நாங்கள் ஒருவரும் அதை அவ்ரோ என்றோ 748 என்றோ சொல்வதில்லை. வானொலியில் சி என்றால் சார்லி, ஜே என்றால் ஜூலியட். "சார்லி ஜூலியட் வந்துவிட்டதா", "சார்லி ஜூலியட்டுக்கு இடது சில்லு மாற்றவேண்டும்", இப்படித்தான். வீட்டுக்குப் போயும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

1978 புரட்டாதி 7ஆம் திகதி அது இரத்மலானையில் நின்ற இடத்தில் குண்டு வெடித்து எரிந்தது. ஒருவரும் சாகவில்லை. எனக்கு அன்று வேலை இல்லை, கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் வேலை செய்த தமிழ்ப் பெடியளுக்கும் சிங்களப் பெடியளுக்கும் அன்று ஒரே முகம்தான்.

உங்கள் அப்பாவின் முதலெழுத்துகள் அவருடைய கடிதத்தில் இருக்கட்டும். விமானத்தில் அவர் தானே வைத்துக்கொண்டிருக்கக்கூடிய எழுத்து எது என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தவர். "சார்லி ஜூலியட்" என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "கலியாணமான புதிதில் உன் அப்பா இரவில் இந்தப் பெயரைச் சொல்லுவார். சார்லிக்குக் காய்ச்சல் மாதிரி, சார்லி ஜூலியட்டுக்கு இன்றைக்கு நேரமில்லை என்றெல்லாம். நான் இரண்டு மாதம் அது வேலைத்தலத்தில் இருக்கிற ஒரு புருஷன் பெண்சாதி என்று நினைத்தேன். கேட்கவும் கூச்சமாக இருந்தது" என்றார்.

இந்தக் கதையை அம்மா எங்களுக்கு இதுவரை சொன்னதே இல்லை. அண்ணாவை உடனே அழைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சி.ஜே." என்றார். அவ்வளவுதான்.

ஓடுபாதை22

வாசித்து மயிர்க்கூச்செறிந்தது. 748உம் சி.ஜே.யும் தானா?

வெள்ளவத்தைக்காரன்

தம்பி, இலக்கங்களை இப்போது சொல்லமாட்டேன், வேலை முடியட்டும். எட்டில் முடிகிறது. தூரத்து விமானி அண்ணா சொன்ன மாதிரி, சுருக்கினால் "எட்டு, சார்லி, ஜூலியட்" என்று வரும். அண்ணா அன்றே 10 டாலர் கட்டிவிட்டார்.

கொட்டாஞ்சேனை_ஸ்டிக்கர்

நல்ல காரியம். நான் இருபது வருடமாக வாகனங்களுக்கு வினைல் வெட்டுகிறவன், விமானத்துக்கு வெட்டியதில்லை. எழுத்தின் அளவுக்கு விதி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், மாதிரி ஒன்று காகிதத்தில் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்.

தூரத்து_விமானி

இருக்கிறது. உயரம் 12 அங்குலம். அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 8 அங்குலம். கோட்டின் தடிப்பு உயரத்தில் ஆறில் ஒன்று, 2 அங்குலம். எழுத்துக்கு எழுத்து இடைவெளி அகலத்தில் கால்வாசி, அதுவும் 2 அங்குலம். ஒன்று என்ற இலக்கம் மட்டும் ஒடுக்கமாக வரும். பெரிய எழுத்து, அலங்காரம் கூடாது, பின்னணி நிறத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சிறிய விமானங்களுக்கு 2 அங்குலமே போதும் என்று ஒரு விலக்கு உண்டு. 1975 செஸ்னாவுக்கு அது பொருந்தும். ஆனால் எல்லைப் பாதுகாப்பு வலயத்தைக் கடந்து மெக்சிகோ பக்கம் போய்வருவதென்றால் 12 அங்குலம் வேண்டும். எப்படியும் பெரிதாகவே போடுங்கள். இதைச் சின்னதாக எழுத ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. என் என்ற எழுத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவில் சிறுகோடு வராது. உங்கள் 4ஆருக்கு அது வரும், ஏனென்றால் அடுத்து வருவது எழுத்து. இலக்கம் வந்தால் கோடு தேவையில்லை. வெட்டுகிறவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளவத்தைக்காரன்

கொட்டாஞ்சேனை அண்ணா, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் பொறுக்க முடியாமல் நேற்றிரவு நானே செய்துவிட்டேன். பழைய பேப்பர்களை ஒட்டி, அடிமட்டம் வைத்து, எழுத்து எழுத்தாக வெட்டி, ஹாலில் தரையில் பரப்பினேன். ஆறு இடம், ஒவ்வொன்றும் 8 அங்குலம், நடுவில் ஐந்து இடைவெளி. மொத்தம் 58 அங்குலம். ஐந்து அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கதிரை இரண்டைத் தள்ளவேண்டி வந்தது.

எட்டுத்தான் கஷ்டம். மேல் வட்டத்தையும் கீழ் வட்டத்தையும் ஒரே அளவில் வெட்டினால் மேலே பெரிதாகத் தெரிகிறது. மூன்று தடவை வெட்டினேன். ஜே வெட்டியபோது அதன் வால் முதலில் வலப்பக்கம் வளைந்துவிட்டது, காகிதத்தைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்தேன்.

அம்மா எழும்பி வந்து சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார். மின்விசிறிக் காற்றில் சி அசைந்தது. அம்மா உள்ளே போய் அப்பாவின் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பானர் எடுத்துவந்து அதன்மேல் பாரம் வைத்தார். காலையில் நான் எழும்பியபோது காகிதங்கள் அப்படியே இருந்தன. ஸ்பானர்கள் பெட்டியில் அவற்றின் கோட்டுக்குள் இருந்தன.

ஓடுபாதை22

ஒரு சந்தேகம். விதியில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லையா? ஒரு நாடாவது தன் எழுத்தில் போடுகிறதா?

வானம்_பார்த்தவள்

பதிவுக் குறியில் இல்லை, தம்பி. சிக்காகோ உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு இதற்கென்றே இருக்கிறது. உரோமப் பெரிய எழுத்து, சாதாரண இலக்கம், அவ்வளவுதான். எல்லா நாட்டுக்கும் ஒன்றே. எந்த எழுத்துச் சேர்க்கை கூடாது என்றும் அதில் இருக்கிறது. எஸ்.ஓ.எஸ்., பி.ஏ.என். போன்ற அபாயக் குறிகளும், கியூ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளும் தரமாட்டார்கள்.

எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. இலக்கத்தகட்டில் எந்த எழுத்து என்பது இந்த நாட்டில் என்ன செய்தது என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1957இல் வாகனத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அதைத் தாரால் அழித்தார்கள். தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா அந்த எதிர்ப்புக்காக மறியலுக்குப் போனார். 1958இல் கொழும்பில் தெருவில் தமிழ் எழுத்துகள் அழிக்கப்பட்டன. ஒரு எழுத்து ஒருவரைச் சேர்க்கவும் செய்யும், ஒதுக்கவும் செய்யும். வானத்தில் எல்லோருக்கும் ஒரே எழுத்து இருப்பதால், பலாலியிலிருந்து வந்த விமானத்தை இரத்மலானையில் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பெயரால் கூப்பிட்டார்கள். ஐயா எழுதியதை வாசித்தபோது அதைத்தான் நினைத்தேன்.

விமானத்துக்குத் தனியாகப் பெயர் வைக்கலாம். அதற்கு எந்த எழுத்தும் சரி, பதிவுக் குறியோடு குழம்பாத இடமாக இருந்தால் போதும். எயார் சிலோனின் முதல் டகோட்டாவுக்குச் சீதா தேவி என்று பெயர். அண்ணா மூக்கில், எஞ்சின் மூடியில், தமிழில் ஒன்று எழுதலாமே.

வெள்ளவத்தைக்காரன்

அக்கா, இதை அம்மாவிடம் கேட்டேன். "பெயரா? அதற்குத்தான் பெயர் இருக்கிறதே" என்றார். ஆகவே மூக்கு வெறுமையாகவே இருக்கும்.

ஒரு செய்தி. இன்று காலை அண்ணாவுக்கு 8050-64 வந்துவிட்டது. அங்கே வினைலுக்குக் கொடுத்தாயிற்று, கடும்நீலம். மருதானை அண்ணா, நீங்கள் சொன்னதை அவர் மறக்கவில்லை. பழைய எண்ணை அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பராமரிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைக்கப்போகிறார்.

தூரத்து_விமானி

நல்ல செய்தி. ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒன்று, இதை அனேகமானவர்கள் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன். விமானத்தில் இருக்கிற ட்ரான்ஸ்பொண்டர், அதாவது ராடாருக்குப் பதில் சொல்லும் கருவி, ஒவ்வொரு விநாடியும் 24 பிட் குறி ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அந்தக் குறி பதிவிலக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. எண் மாறினால் குறியும் மாறும். பழைய குறியோடு பறந்தால் வெளியே புதிய பெயர், ராடாருக்குப் பழைய பெயர். 2020இலிருந்து பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பரப்பில் ஏ.டி.எஸ்.-பி., அதாவது விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி, கட்டாயம். ஹூஸ்டன் அப்படியான இடம். முரண்பாடு இருந்தால் நிர்வாகத்தின் கணினி கண்டுபிடித்துக் கடிதம் போடும், எனக்கு வந்தது. ஏவியோனிக்ஸ் (விமான மின்னணு) கடையில் அதே நாளில் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி இருந்தால் அதன் பதிவையும் புதுப்பிக்கவேண்டும். விமானம் காணாமல் போனால் தேடுகிறவர்கள் அந்தப் பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வெள்ளவத்தைக்காரன்

சொன்னேன் அண்ணா. ட்ரான்ஸ்பொண்டரைப் பற்றி அவரும் நினைத்திருக்கவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு இரண்டும் ஒன்றாக.

பழைய_ஹாங்கர்

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்பானர் பெட்டியில் கோடு என்ன நிறம்? அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு நிறம் வைத்திருந்தோம், பெட்டி மாறக்கூடாது என்று.

வெள்ளவத்தைக்காரன்

பச்சை, ஐயா. இலைப் பச்சை. சில இடத்தில் உரிந்துவிட்டது.

பழைய_ஹாங்கர்

பச்சை என்றால் எனக்கு ஆளைத் தெரியும். என்னுடையது மஞ்சள். அவருக்குப் பக்கத்துப் பெட்டி.

அண்ணாவிடம் சொல்லுங்கள், புதிய எண்ணோடு கோபுரத்தை முதல்முறை கூப்பிடும்போது ஒலிப்பதிவு செய்யட்டும். அனுப்பினால் பேரன் சத்தத்தைக் கூட்டிப் போட்டுக் காட்டுவான். எனக்கு இடது காது கேட்பதில்லை, டார்ட் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. வலது காது நன்றாகக் கேட்கும்.